குட்டிகள் போன பிறகு செவலையைத் தேற்றிய கதை

எங்கள் நாய் செவலை போட்ட நான்கு குட்டிகளும் மூன்றே நாளில் இறந்துபோய்விட்டன. பெங்களூரு அல்சூர் வீட்டில் அதன்பிறகு அது சோற்றைத் தொடவில்லை. மடி கல்லாக இறுகியது. பாவமென்று பாலைப் பீய்ச்சிவிட்டேன். மறுநாள் இன்னும் கட்டிக்கொண்டது. பீய்ச்சினாலும் நக்கினாலும் மேலும் பால் ஊறுமாம்! கால்நடை மருத்துவர் மடியைத் தொட்டுப் பார்த்து, "சிவப்போ சூடோ இல்லை, கையை வைக்காதீங்க" என்று, அது மடியை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டார். சில நாளில் மடி வற்றியது.

சரி, குட்டிகளைத் தேடுவது மட்டும் நிற்கவில்லை. ராத்திரியானால் என் பழைய சாக்ஸைக் கவ்விக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், பிரசவத்துக்கு விரித்த சாக்கு! குட்டி போட்ட பெட்டியைக் கழுவிய நான், குட்டிகளின் வாடை போகாத அந்தச் சாக்கை மறந்தே போயிருந்தேன். சாக்கைத் தூக்கிப்போட்டு, தரையை வெந்நீரில் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலை தயிர்சோற்றுத் தட்டு காலி.