சங்கிலி ரம்பம் விற்பவரின் தகுதியைச் சரிபார்க்கும் முறை

சவுக்கு, தைலமரம், மலைவேம்பு ஆகியவற்றை வெட்டுவதற்குச் சங்கிலி ரம்பம் வாங்குவோர், கடைச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களை நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு சான்றையும் அதை வழங்கிய இடத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

முதலில் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தின் தேடல் பகுதியில் இட்டுப் பாருங்கள். அதற்குக் கணக்குத் தேவையில்லை. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இடங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் பான் எண். ஆறாவது இடத்தில் 'பி' இருந்தால் தனிநபர், 'எஃப்' இருந்தால் கூட்டு நிறுவனம், 'சி' இருந்தால் கம்பெனி. 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை வைத்திருப்பவரின் எண்ணில் 'பி' இருந்தால் விளக்கம் கேட்பதில் தவறில்லை. பதிவு ரத்தாகியுள்ளதா என்பதும் அங்கேயே தெரியும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய கடைக்கும் பதிவுத் தேதி அதற்கு முந்தையதாக இராது.

உத்யம் பதிவு எனப்படும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, உரிமையாளர் தாமே அளிக்கும் உறுதிமொழியின் பேரில் கிடைப்பது. அது தொழில்திறனுக்கு அத்தாட்சி ஆகாது. ஐஎஸ்ஓ 9001 சான்றும் நிர்வாக முறைக்கு உரியதே தவிர, ரம்பத்தின் தரத்துக்கு உரியதன்று. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்று தருவதில்லை. ஆகவே, சான்றளித்த நிறுவனம் எது, அதற்கு என்ஏபிசிபி போன்ற அங்கீகார அமைப்பின் ஏற்பு உண்டா, சான்று எந்தப் பணிக்கு வழங்கப்பட்டது என்ற மூன்றையும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தயாரிப்பாளர் அளித்த விற்பனை அங்கீகாரம். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற ரம்பத் தயாரிப்பாளர்களின் பெயர்களிலும் நிறத்திலும் போலிகள் உலவுவதால், அங்கீகாரக் கடிதம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். கடிதத்தில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்ணில் அழைக்காமல், தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள எண்ணில் அழைப்பதே சரி.

பிறகு பழுதுபார்க்கும் இடத்துக்குச் செல்லுங்கள். என் கணிப்பில், காகிதங்கள் சொல்லாததை அந்த மேசை சொல்லிவிடும். சங்கிலியின் பிட்ச் அளவை, அதாவது கண்ணிகளின் இடைவெளியை, எப்படிக் கண்டறிவீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்துக்கும் மூன்றாவதன் மையத்துக்கும் இடையிலான தூரத்தை அளந்து இரண்டால் வகுப்பேன் என்று அவர் சொல்ல வேண்டும். 50-க்கு 1 என்ற கலவைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பதும் அவருக்குத் தயங்காமல் வர வேண்டும். ரம்பத்தை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்: ஐட்லிங்கில் (விசையை அழுத்தாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சங்கிலி சுழலக் கூடாது, சுழலும்போது செயின் பிரேக்கைத் தள்ளினால் அக்கணமே நிற்க வேண்டும்.

மானியத்தில் வாங்குவதாக இருந்தால், விற்பவர் மட்டுமன்றி அந்த மாடலும் ஏற்கப்பட்டதுதானா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் செலுத்துமுன், உடற்பகுதியில் பொறித்துள்ள வரிசை எண்ணும் பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் எழுதிய எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று நேரில் ஒப்பிடுங்கள்.