எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பில் இரண்டாண்டுப் பட்டம்: சேரும் முன் கணக்குப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்புக்கான இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கட்டணத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்னால், அந்தப் படிப்பு எந்தப் பொருளைப் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறது என்று கேட்டுவிடுங்கள். தொலைக்காட்சியின் திரை உடைந்தால் மாற்றுத் திரையின் விலையும் கூலியும் சேர்ந்து புதிய பெட்டியின் விலையை எட்டிவிடுவதால், அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மருத்துவமனை வென்டிலேட்டரும் தொழிற்சாலை மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் விமான ரேடியோவும் அப்படியல்ல. அவை நின்றுபோனால் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள், சரிசெய்யத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். பாடத்திட்டம் இந்த இரண்டாவது வகையை நோக்கி இருந்தால் மட்டுமே மேற்கொண்டு கணக்குப் பார்ப்பதில் பொருள் உண்டு.

பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டங்கள் வந்துவிட்டனவே என்று சிலர் நம்பிக்கை கொள்கிறார்கள். நியூயார்க்கில் 2023 டிசம்பர் இறுதியிலும், கலிபோர்னியாவிலும் மின்னசோட்டாவிலும் 2024 ஜூலையிலும் அவை நடைமுறைக்கு வந்தன. உதிரிபாகங்களும் கையேடுகளும் தனிக் கடைகளுக்கும் கிடைக்க அவை வழி செய்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும், புதிய பொருள் மலிவாகக் கிடைக்கும்வரை கடைக்காரரின் வருமானம் ஓர் எல்லையைத் தாண்டாது.

இனிச் செலவுக்கு வருவோம். கல்விக் கட்டணங்களை ஆண்டுதோறும் தொகுக்கும் அமெரிக்க அமைப்பான கல்லூரி வாரியத்தின் (College Board) கணக்குப்படி, 2024-25 கல்வியாண்டில் சொந்த மாவட்டத்துச் சமுதாயக் கல்லூரியில் முழுநேர மாணவரின் சராசரிக் கட்டணம் சுமார் 4,050 டாலர். இரண்டாண்டுக்கு 8,100 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகமும் கருவிகளும் தனி. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், அதே ஆண்டில் 7,395 டாலர் வரை கிடைத்த கூட்டரசின் பெல் உதவித்தொகை இந்தக் கட்டணத்தை முழுவதுமாக ஈடுகட்டிவிடக்கூடும். குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அது கிடையாது, கட்டணமும் அவர்களுக்குப் பொதுவாகக் கூடுதல்.

கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று பலர் கண்ணில் படுவதேயில்லை. மணிக்கு 15 டாலர் தரும் முழுநேர வேலையை விட்டுவிட்டுப் படித்தால், ஆண்டுக்கு 31,200 டாலர் வீதம் இரண்டாண்டில் 62,400 டாலர் சம்பளம் போய்விடுகிறது. பட்டத்தால் மணிக்கு 6 டாலர் கூடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த இழப்பும் கட்டணமும் சேர்ந்த 70,500 டாலரை மீட்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதே பட்டத்தைப் பகலில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் படித்தால், படிப்பு முடிந்தபின் கட்டணம் எட்டே மாதங்களில் திரும்பிவிடும். மாலை வகுப்பில் படிப்பு இரண்டாண்டில் முடியாது, மூன்று நான்கு ஆண்டுகள் உடல் களைத்துப்போகும், ஆனாலும் கணக்கு மாலை வகுப்பின் பக்கமே சாய்கிறது. உங்கள் சொந்தச் சம்பளத்தையும், நீங்கள் குடியிருக்கும் பகுதியில் அந்த வேலைக்குத் தரும் தொடக்கச் சம்பளத்தையும் இதே முறையில் இட்டுப் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் உள்ள சராசரி பத்தாண்டு அனுபவமுள்ளவர்களையும் சேர்த்ததாக இருக்கலாம் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டம் எங்கே உண்மையாகவே எடை பெறுகிறது என்பதற்கு மருத்துவக் கருவித் துறை நல்ல சான்று. அங்கே மதிக்கப்படும், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கான சி.பி.இ.டி. (CBET) சான்றிதழுக்குப் பட்டம் இல்லாதவர் நான்காண்டு முழுநேர அனுபவம் காட்ட வேண்டும்; எலக்ட்ரானிக்ஸ் அசோசியேட் பட்டம் உள்ளவருக்கு மூன்றாண்டும், மருத்துவக் கருவிப் பிரிவிலேயே பட்டம் பெற்றவருக்கு இரண்டாண்டும் போதும். இதற்கு நேர்மாறாக, அரிசோனாவின் மாரிகோபா சமுதாயக் கல்லூரிகள் 2022இல் சிப் ஆலை வேலைக்குப் பத்தே நாள் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. நுழைவுநிலை வேலைதான் குறி என்றால் இத்தகைய குறுகிய சான்றிதழை முதலில் முடித்து, வேலையில் சேர்ந்தபின் நிறுவனத்தின் செலவில் பட்டத்தைத் தொடர முடியுமா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம்.

கல்லூரியை முடிவு செய்யுமுன் அதன் ஆய்வகத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும். இதில் சமரசம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பவர் சப்ளை பலகை ஒன்றில் மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால், அது கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். உப்பாமலே கெட்டதுதான் சோதனை. மல்டிமீட்டர் அதன் கொள்ளளவைக் கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும். உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து அதன் உள் மின்தடை (ஈ.எஸ்.ஆர்.) ஏறியிருப்பதால், சுமை கூடும்போது மட்டும் வெளியீட்டு மின்னழுத்தம் நடுங்கும், கருவி தானாக அணைந்து மறுபடி எழும். மின்னழுத்தத்தின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முனையை அங்கே வைத்து அந்த நடுக்கத்தைத் தன் கண்ணால் பார்த்த மாணவர், அடுத்த முறை பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆசிரியர் வேண்டுமென்றே பழுது வைத்த பலகைகளை மாணவர் தனியாகத் தீர்க்கும் வகுப்புகள் உண்டா, ஓர் ஆசிலோஸ்கோப்புக்கு எத்தனை பேர், நுண்பாகங்களைக் கழற்றிப் பொருத்தும் சூடுகாற்றுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பகுதி திரையில் ஓடும் உருவகப் பயிற்சியே என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

பின்னாளில் பொறியியல் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழுதுபார்ப்புப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்' பட்டமே தரப்படுகிறது. அதன் பாடங்கள் பலவற்றை நான்காண்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. கணிதமும் இயற்பியலும் மறுபடி படிக்க நேரிடும். படித்த பாடங்களை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது என்பதைச் சேருமுன்பே கல்லூரியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.