ஸ்னோரன்னர்: சரக்கு ஏற்ற எந்த லாரி, எந்த ட்ரெய்லர்?

2020இல் வந்த ஸ்னோரன்னர் என்ற லாரி ஓட்டும் வீடியோ கேமைப் புதிதாக ஆடுபவர்கள் முதலில் கேட்பது "எது நல்ல லாரி?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன சரக்கு, என்ன வழி, அதற்கு எந்த பாடி (லாரியின் பின்பக்கம் பொருத்தும் பகுதி), அப்புறம்தான் லாரி. ஓட்டுவது, வின்ச் (லாரியை இழுக்கும் கம்பிவடம்) மாட்டுவதெல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

1. ஸ்லாட்டைக் கூட்டுங்கள்

மேப்பில் வேலையைத் திறந்தால் எந்தச் சரக்கு எத்தனை வேண்டும் என்று இருக்கும். மரப்பலகைக்கு ஒரு ஸ்லாட், அதாவது சரக்கு வைக்கும் ஓர் இடம், போதும். பெரிய குழாய் கூடுதலாக இடம் பிடிக்கும். லாரி முதுகில் பொருத்தும் தட்டையான மேடையான ஃப்ளாட்பெட்டில் 2 ஸ்லாட். பின்னால் இன்னொரு 2 ஸ்லாட் ட்ரெய்லரை இழுத்தால் 4. தட்டையான செமி ட்ரெய்லரில் (முன்பாகம் லாரியின் மேல் தங்கும் நீள ட்ரெய்லர்) 5 ஏறும்.

2. வழியைப் பாருங்கள்

லாரியை எடுக்கும் முன் வழி பார்க்க உதவும் சிறிய ஸ்கவுட் வண்டியில் ஒருமுறை போய்வருவது நல்லது. முழுக்கத் தார்ச்சாலை என்றால் செமி ட்ரெய்லர்தான் சரி. நடுவில் ஆழமான சகதியோ ஆறோ இருந்தால் நான் செமியைத் தொடவே மாட்டேன். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு எஞ்சின் சக்தி போகாது. அவை சகதியில் புதைந்தால் அத்தனை பாரத்தையும் லாரிதான் இழுக்க வேண்டும். வளைவில் ட்ரெய்லரின் பின்பக்கம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து பாறையிலோ மரத்திலோ மாட்டும். 5 ஸ்லாட்டை ஒரே நடையில் கொண்டுபோக ஆசைப்பட்டு நடுவழியில் நிற்பதைவிட, ஃப்ளாட்பெட்டில் இரண்டிரண்டாக அடிப்பது பெரும்பாலும் வேகம்.

3. சேடில்: பலரும் சிக்கும் இடம்

செமி ட்ரெய்லரை இழுக்க லாரியில் சேடில், அதாவது ட்ரெய்லரின் முன்பாகம் பூட்டும் இணைப்பு, வேண்டும். அதில் லோ, ஹை என்று இரண்டு வகை. லோ சேடில் ட்ரெய்லர் ஹை சேடிலில் மாட்டாது. ஹை ட்ரெய்லர் லோவிலும் மாட்டாது. ட்ரெய்லர் முன்னால் போய் நின்று, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி நேராக்கி என்று எவ்வளவு நேரம் போராடினாலும் இணைக்கும் தேர்வு வராது. குறை உங்கள் ரிவர்ஸில் இல்லை, சேடிலில்.

இதைக் கராஜை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் சேடிலைக் கராஜில்தான் மாற்ற முடியும். ட்ரெய்லரோ மேப்பின் மறுமுனையில் நிற்கலாம். முதலில் ட்ரெய்லரின் விவரத்தில் எந்த சேடில் என்று படியுங்கள். அப்புறம் நீங்கள் நினைத்திருக்கும் லாரியில் அந்த சேடில் பொருத்த முடியுமா என்று பாருங்கள். எல்லா லாரியிலும் இரண்டும் கிடைக்காது. இன்னொன்று: சேடில் போட்டால் ஃப்ளாட்பெட் போய்விடும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

4. இப்போது லாரி

தொடக்கத்தில் கிடைக்கும் ஜிஎம்சி எம்எச்9500 சாலை வேலைக்குப் போதும். விளையாட்டின் மிச்சிகன் பகுதியில் பிளாக் ரிவர் மேப்பில் கிடைக்கும் ஃப்ளீட்ஸ்டார் எஃப்2070ஏ என் தேர்வு. நீண்ட நாள் கைகொடுக்கும். பணம் சேர்ந்ததும் புது லாரி வாங்க ஓடாதீர்கள். டிஃப் லாக் (ஒரே அச்சின் சக்கரங்களைச் சேர்ந்தே சுழல வைப்பது), ஆல் வீல் டிரைவ் (எல்லாச் சக்கரங்களுக்கும் சக்தி போவது) இரண்டும் இருக்கும் பழைய லாரி, அவை இல்லாத புது லாரியைவிடச் சகதியில் மேல். இந்த அப்கிரேடுகள் பலவற்றை மேப்பில் தேடித்தான் எடுக்க வேண்டும். டயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம்: சகதிக்கு மட் டயர், பனிக்கட்டிக்குச் சங்கிலி டயர்.

உயரமான லாரியில் சரக்கும் ஏறினால் சரிவில் சாய்வது சுலபம். குறுக்காக ஏறாமல் நேராக ஏறுங்கள்.

5. ஏற்றுவது

கிடங்கில் தானாக ஏற்றிக்கொள்ளலாம். கிரேனால் நீங்களே ஏற்றினால் பேக் செய்ய (சரக்கை லாரியோடு கட்டிவைக்க) மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் குழியிலேயே சரக்கு கீழே கிடக்கும். கிரேன் உள்ள இன்னொரு லாரியைத் தயாராக வைத்திருந்தால், கவிழ்ந்த சரக்கை அங்கேயே மீட்டெடுக்கலாம். கேபினுக்குப் பின்னால் சிறிய கிரேன் வைக்க முடிகிற லாரிகளில் ஃப்ளாட்பெட்டும் கூடவே இருக்கும். நான் இதைத்தான் விரும்புகிறேன்.

பின்சேர்க்கை: மரத்தடி (வெட்டிய மரத்துண்டு) கொண்டுபோகும் வேலை எடுத்தவர்கள் ஃப்ளாட்பெட்டோடு போய் நிற்கிறார்கள். மரத்தடிக்குத் தனித் தாங்கி வேண்டும், ஃப்ளாட்பெட்டில் ஏறாது. நீளமான மரத்தடிக்கு லாரியின் மேல் ஒரு தாங்கி, பின்னால் அதற்கான ட்ரெய்லர், இரண்டும் வேண்டும். வின்ச் பற்றியும்: எஞ்சின் அணைந்தால் சாதா வின்ச் வேலை செய்யாது. கவிழ்ந்த லாரியை அதன் வின்ச்சாலேயே நிமிர்த்த வேண்டுமானால் எஞ்சின் இல்லாமலும் இயங்கும் ஆட்டோனமஸ் வின்ச்சைக் கராஜில் பொருத்திக்கொண்டு கிளம்புங்கள்.