நடுநிசிச் சூரியனில் வௌவால் பார்ப்பது எப்படி

வடதுருவ வட்டத்துக்கு மேலே வௌவால் பார்க்கப் போகிறவர்கள் ஜூனில் போகாதீர்கள். அப்போது அங்கே நடுராத்திரியிலும் சூரியன் மறையாது. நான் முதல் தடவை ஜூனில்தான் போனேன். இரவு ஒன்பது மணிக்கே காட்டோரம் நின்று, பதினொன்று வரை கொசுவுக்கு ரத்ததானம் செய்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அறைக்குத் திரும்பிவிட்டேன். இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருக்க வேண்டும்.

வடக்கு நார்வேயில், வட அட்சரேகை 68 முதல் 70 பாகை வரை, குட்டி போட்டு வாழ்வது எப்டெசிகஸ் நில்சோனி என்கிற ஒரே வௌவால் இனம்தான். சுமார் பத்து கிராம் எடை, முதுகு மயிரின் நுனியில் பொன்னிறம். அதனால் எந்த இனம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கடற்கரையை விட்டுவிட்டு, மோல்செல்வ் மாதிரி உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள், கோடையில் அங்கேதான் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஆறும் மரங்களும் பழைய மரவீடும் பக்கம்பக்கமாக இருக்கும் இடம் தேடுங்கள். குட்டி போடும் பெண் வௌவால்கள் கூரையிலும் சுவர் இடுக்கிலும் கூடியிருக்கும்.

எல்லாரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், அங்கே சூரியன் ரொம்பத் தாழ்ந்திருப்பது 12 மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட 1 மணிக்கு. அதை ஒட்டிய கொஞ்ச நேரம்தான் அவை வெளியே வரும். இத்தனைக்கும் பகலில்தான் பூச்சி அதிகம்; ஆனாலும் வராது, பறவைகளுக்குப் பயந்துதான் என்கிறார்கள். வெளிச்சத்தில் வௌவால் பறப்பதைக் கண்ணால் பார்ப்பது தனி அனுபவம், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் பிற்பாதிதான் என் சிபாரிசு. அப்போது இருட்டு திரும்பியிருக்கும். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடிக்க வௌவாலே வரும், நீங்கள் விளக்குக்குச் சற்றுத் தள்ளி நின்றால் போதும். குளிர் அதிகமான இரவில் பூச்சி இருக்காது, பேசாமல் தூங்குங்கள்.

வௌவால் டிடெக்டர் (நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தைக் கேட்கும்படி மாற்றித் தரும் கருவி) இருந்தால் 30 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். தட், தட் என்று நிதானமாகக் கேட்கும். திடீரென்று அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி 'ர்ர்ர்' என்று ஓடினால் வௌவால் பூச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே தலையைத் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம், கூரை இடுக்கில் டார்ச் அடிக்காதீர்கள். வௌவால் கீழே விழுந்து கிடந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், ரேபீஸ் வகை வைரஸ் இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போங்கள்.