கண்டல் நடப் போகும் சாரணர்களுக்கு

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் ஓர் இடைநிலைப்பள்ளிச் சாரணர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். சேவைத் திட்டம் என்றதும் பலருக்கும் கடற்கரைக் குப்பை பொறுக்குவதுதான் நினைவுக்கு வரும். நல்ல வேலைதான். ஆனால் சுங்கை ஆச்சே பக்கம் அலையாத்திக் காட்டை வைத்துக்கொண்டு, அந்தக் காட்டு மரமான கண்டலை நடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள். என் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை. கரையில் மரம் நிற்பதன் அருமையை நாம்தான் காட்டவேண்டும்.

வனத்துறை அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் வழக்கம்போல. கஷ்டமானது இடம் பார்ப்பதுதான். முதல் வருடம் காலியாகக் கிடந்த திறந்த சேற்றில் 200 கன்று நட்டோம். மூன்று மாதம் கழித்துப் போனால் பதினொன்றுதான் மிச்சம். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), அங்கே என்றைக்குமே பாக்காவ் (கண்டலுக்கு மலாய்ப் பெயர்) நின்றதில்லை, அது உள்ளான் குருவிகள் மேயும் இடம் என்றார். தாழ்ந்த சேற்றில் வெகுநேரம் தண்ணீர் நிற்கும். கன்று பிழைக்காது, பறவைக்கும் இரை போகும். ஆகவே முதலில் மீனவர்களிடம் கேளுங்கள். முன்பு மரம் நின்று அழிந்த இடத்தை அவர்கள் காட்டுவார்கள்.

தேதியைப் பள்ளி நாட்காட்டியில் தேடாதீர்கள், ஓத அட்டவணையில் தேடுங்கள். இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நன்றாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் திரும்பியதும் எல்லாரும் கரையில் இருக்கவேண்டும், இதில் சமரசமே கிடையாது. செருப்பு சேற்றோடு போய்விடும். பழைய பள்ளிச் சப்பாத்தை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

கண்டல் வகையான சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். காயின் தொப்பிக்குக் கீழே மஞ்சளாகவோ சிவப்பாகவோ வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது, தொட்டாலே கையோடு வரும். நடும்போது மொட்டு மேலே இருக்கட்டும். அவசரத்தில் தலைகீழாகச் செருகிவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும், கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர் விடுங்கள். பையில் வளர்ந்த நாற்று என்றால், கொண்டுபோன பிளாஸ்டிக் பை அத்தனையும் எண்ணித் திரும்பி வரவேண்டும்.

அப்புறம், ஆளுக்குப் பத்துக் கன்று போதும். அணிவாரியாக மூங்கில் குச்சி நட்டு எல்லை கட்டி, யார் கன்று எது என்று வரைபடம் போட்டுவிடுங்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று போய் எண்ணவேண்டும். சேவைக் குறிப்பேட்டில் மூன்றாவது எண்ணிக்கைக்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன். போன தடவை படிவம் இரண்டு பையன் ஒருவன், தன் ஏழாவது கன்றின் முன் குந்தி, ஒட்டியிருந்த சிப்பியை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, "சார், ரெண்டு இலை புதுசு" என்று கத்தினான்.