அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றுவது எப்படி? ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் படிப்படியாக

எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும் இந்தக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால் வண்டி முதலில் மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. பின்னால் டிரெய்லர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சில வண்டிகளில் காலடித் தளம் வழக்கத்தைவிடச் சூடாகும். சிலவற்றில் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கி ஓட்டும் நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, அதிலும் 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 எஞ்சின் உள்ளது. 300 குதிரைத்திறன் கொண்ட, நன்றாக இழுக்கும் எஞ்சின். இந்த விளக்கம் அந்த வண்டியை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. வேறு பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

கன்வெர்ட்டரைக் கெடுத்தது எது?

கடைக்குப் போய்ப் புதிய கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் கன்வெர்ட்டர் லட்சம் மைலைத் தாண்டியும் உழைக்கும். அது பாதியில் அடைத்துக்கொண்டது என்றால், மேலே எஞ்சினில் ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி அனுப்புவது அந்தப் பூச்சின் வேலை. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றால் அங்கே எரிய வேண்டிய பெட்ரோல் முழுவதும் கன்வெர்ட்டருக்குள் வந்து எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகி, துளைகள் மூடிக்கொள்ளும்.

5.4 எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மேலே, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் உண்டு. இந்தக் காயில்கள் அடிக்கடி பழுதாகும். ஆகவே வண்டிக் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி.-2 ஸ்கேனரைச் செருகியதும், தீப்பொறிக் கோளாறைச் சொல்லும் பி0300 முதல் பி0308 வரையிலான கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பி0301 முதல் வருபவற்றில் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும்: 1 முதல் 4 வரை பயணி அமரும் பக்கம், 5 முதல் 8 வரை ஓட்டுநர் பக்கம். கெட்ட காயிலையும் அதன் ரப்பர் உறையையும் மாற்றிவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும்.

பிளக்கை மாற்ற நேர்ந்தால் கவனம் தேவை. இந்த எஞ்சினின் முதல் சில ஆண்டுகளில் வந்த பிளக்குகள் இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டவை. கீழ்த்துண்டு கரி பிடித்து இறுகிவிடும். திருகும்போது மேல்பகுதி மட்டும் கையோடு வந்து, மீதி சிலிண்டர் தலையிலேயே நின்றுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள பட்டறையிடம் விட்டுவிடலாம்.

எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வருகிறதா, கூலன்ட் காரணமில்லாமல் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஆயிலில் உள்ள பாஸ்பரசும் கூலன்ட்டில் உள்ள சிலிகேட்டும் அந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

உண்மையிலேயே அடைப்புதானா?

இங்கேதான் பலரும் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள். பி0420 (பயணி பக்கம்), பி0430 (ஓட்டுநர் பக்கம்) ஆகிய கோடுகள் வந்தால் உடனே "அடைப்பு" என்று முடிவு கட்டுகிறார்கள். கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்துவிட்டதாகக் கணினி கருதுகிறது என்பது மட்டுமே அந்தக் கோடுகளின் பொருள். கோடு வந்த வண்டியில் அடைப்பே இல்லாமல் இருக்கலாம். முழுதாக அடைத்த வண்டியில் கோடு வராமலும் இருக்கலாம். சென்சார் அருகே குழாயில் சிறு கசிவு இருந்தால்கூட இந்தக் கோடு வரும்.

அடைப்பை உறுதி செய்ய அழுத்தத்தை அளக்க வேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் எக்ஸாஸ்ட் அழுத்தமானியைத் திருகுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, அழுத்தம் 1.25 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் நல்லது. எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுழற்சிக்கு உயர்த்தும்போது 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் வழியில் அடைப்பு இருக்கிறது. மானியின் குழாய் சூட்டில் உருகிவிடும் என்பதால் சோதனையைச் சீக்கிரம் முடியுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளப்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் அதிகம் என்றால் அந்தப் பக்கக் கன்வெர்ட்டர். இரண்டிலும் அதிகம் என்றால் இரண்டும் போயிருக்கலாம், அல்லது உடைந்த பீங்கான் துண்டுகள் பின்னால் போய்ச் சைலன்சரை அடைத்திருக்கலாம்.

அழுத்தமானி இல்லையென்றால், எஞ்சின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது.

எதை வாங்குவது?

அமெரிக்காவில் கன்வெர்ட்டருக்கு மத்திய அரசின் விதிப்படி 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் உண்டு. புதிய வண்டி வைத்திருப்பவர்கள் டீலரிடம் முதலில் கேட்க வேண்டும். நாம் பேசும் வண்டிகள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, வெட்டி வெல்டிங் செய்து பொருத்த வேண்டியது. மற்றொன்று, ஃபோர்டின் அசல் குழாய் வடிவிலேயே ஃபிளாஞ்சும் (போல்ட் போடும் விளிம்பு) சென்சார் துளைகளும் வைத்து வருவது. நட்டுப் போல்ட்டால் மாட்டிவிடலாம். முதல்முறை செய்பவர்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும்.

கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, மெய்ன் ஆகிய மாநிலங்களில் விதி கடுமையானது. கலிஃபோர்னியா வளி வாரியத்தின் அனுமதி எண் உடலில் பொறிக்கப்பட்ட கன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அந்த எண் உங்கள் எஞ்சின் குடும்பத்துக்கு (மாசு விதிக்காக வகுத்த எஞ்சின் வகை) பொருந்தவும் வேண்டும். எஞ்சின் குடும்ப எண் பானெட்டுக்கு அடியில் உள்ள மாசுக்கட்டுப்பாட்டு ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். மற்ற மாநிலங்களில் மலிவான கன்வெர்ட்டர் விற்கலாம். ஆனால் அவற்றில் விலையுயர்ந்த உலோகம் குறைவு. செயல்திறனுக்கான உத்தரவாதமும் பல இடங்களில் 25,000 மைலோடு முடிந்துவிடும். வண்டியை நெடுநாள் வைத்திருக்கப் போகிறவர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் கலிஃபோர்னியா தரத்தில் வாங்குவது நல்லது என்பேன்.

சிலர் கன்வெர்ட்டரை உடைத்து உள்ளே காலியாக்கிவிட்டு, பின்பக்க சென்சாரை ஏமாற்ற ஒரு நீட்டிப்பைத் திருகிக்கொள்ளச் சொல்வார்கள். செய்யாதீர்கள். தூய காற்றுச் சட்டத்தின்படி அது குற்றம். அதைவிட, உங்கள் தெருவில் விளையாடும் குழந்தைகள் அந்தப் புகையைத்தான் சுவாசிப்பார்கள்.

கழற்றும் வேலை

முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை தெளியுங்கள். இந்த வேலையில் பாதி வெற்றி இந்த எண்ணெயில்தான் இருக்கிறது.

சமதளமான கான்கிரீட் தரையில் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கால் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தியபின் வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே நுழையக் கூடாது. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கண்ணாடி அணியாமல் படுத்தால் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

நான்கு ஆக்சிஜன் சென்சார்களின் வயர் இணைப்புகளை முதலில் பிரியுங்கள். பிறகு பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சென்சார் சாக்கெட்டால் சென்சார்களைக் கழற்றுங்கள். குழாயில் இளஞ்சூடு இருந்தால் சென்சார் எளிதாக அசையும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பின்னால் சைலன்சரோடு இணையும் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். முன்பக்கத்துக்கு இப்போதே போகாதீர்கள். பின்பக்கம் பிடிப்பு விட்டால்தான் முன்பக்கக் குழாய் இறங்க வழி கிடைக்கும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் ஓட்டுநர் பக்கம் குறுக்கே நிற்கும். அதைக் கழற்ற வேண்டி வந்தால், திரும்ப அதே நிலையில் மாட்ட வசதியாகப் பெயிண்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எஞ்சினின் புகையைச் சேர்த்தெடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஃபிளாஞ்ச் நட்டுகள். இங்கே அவசரம் கூடாது. ஆறு முனை சாக்கெட்டை நீண்ட எக்ஸ்டென்ஷனில் மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசையுங்கள். துருப்பிடிப்பு உடையும் சத்தம் கேட்டபின் தளர்த்தும் திசைக்குத் திருப்புங்கள். அசைய மறுத்தால் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. அதற்கும் மசியாவிட்டால் எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாய்களிலிருந்து விலகி, நட்டை மட்டும் புரொப்பேன் டார்ச்சால் சூடாக்கலாம். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். நட்டு ஏறும் ஸ்டட் முறிந்தால் வேலை பட்டறைக்குப் போய்விடும் என்பதால் இந்த நட்டுகளுக்காக அரைநாள் செலவழித்தாலும் தகும்.

கடைசி நட்டைக் கழற்றுமுன் குழாய்க்கு அடியில் இரண்டாவது ஜாக்கை முட்டுக்கொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து கீழே ஒன்றாகும் இந்தக் குழாய் நல்ல கனம். மார்பில் விழுந்தால் எலும்பு முறியும்.

பொருத்தும் வேலை

இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பழையதாக இருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஃபிளாஞ்சின் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட்டும் புதிய நட்டுகளும் வைத்து, எல்லாவற்றையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் முதலில் மாட்டுங்கள். முழு நீளமும் தன் இடத்தில் உட்கார்ந்தபின், முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு பக்க நட்டை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல் மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் வைக்க வேண்டிய அளவைச் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், சேஸிஸ், சுழலும் ஷாஃப்ட் எதுவாக இருந்தாலும் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து குறைந்தது அரை அங்குலம் விலகி இருக்க வேண்டும். கழற்றிய வெப்பத் தகடுகளைத் திரும்ப மாட்டுங்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டி நிற்கும்போது தீப்பிடிக்காமல் காப்பது அந்தத் தகடுகள்தான்.

லட்சம் மைல் தாண்டிய வண்டியில் முன்பக்கச் சென்சார்கள் இரண்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள். சோம்பிப்போன சென்சார் பெட்ரோலை அதிகமாக விடச் செய்து, புதிய கன்வெர்ட்டரையும் கெடுக்கும். சென்சார் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மரையில் தடவும் பசை அதன் நுனியில் படக்கூடாது.

பின்பக்க மேம்பாடு

வண்டியைத் தூக்கியது தூக்கியதுதான் என்று கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியையும் மாற்ற விரும்புபவர்கள் உண்டு. கன்வெர்ட்டருக்கு முன்னாலோ அதன் இடத்திலோ கை வைக்காதவரை மத்திய அரசின் மாசு விதி இதைத் தடுப்பதில்லை; சத்தத்துக்கான மாநில வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5.4 எஞ்சினுக்கு மூன்று அங்குல ஒற்றைக் குழாய் போதும். வளைவுகளிலும் விட்டம் குறுகாத, மேண்ட்ரல் முறையில் வளைத்த குழாயா என்று கேட்டு வாங்குங்கள். மிச்சிகன், ஒகையோ போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொடுக்கிற காசுக்குத் தகும். மேற்கு டெக்சாஸ் போன்ற வறண்ட பகுதியில் அலுமினியப் பூச்சுக் குழாயே பல ஆண்டுகள் வரும்.

குதிரைத்திறன் பெரிதாகக் கூடும் என்று நம்பி இதை வாங்காதீர்கள். அடைத்த கன்வெர்ட்டரை மாற்றியதால் திரும்பக் கிடைக்கும் சக்தியோடு ஒப்பிட்டால் பின்பக்கக் குழாய் தருவது சிறிதளவே. அது மாற்றுவது ஒலியை. நேர்வழிச் சைலன்சர் சில வண்டிகளில் நெடுஞ்சாலை வேகத்தில் கேபினுக்குள் தொடர்ந்து முழங்கும். நீண்ட பயணத்தில் தலைவலி கொடுக்கும். வாங்குமுன் அதே வண்டியில் பொருத்தியவரிடம் கேட்டு, முடிந்தால் உள்ளே உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வாருங்கள். ரப்பர் ஹேங்கர்களில் குழாயை நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

முதல் ஸ்டார்ட்டும் அதற்குப் பிறகும்

பாட்டரியை இணைத்துத் திறந்த வெளியில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் பட்ட எண்ணெய் எரிவதால் சில நிமிடம் புகை வரும், அது இயல்பு. குழாய் சூடாவதற்குள் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு இருக்கிறது.

எஞ்சின் முழுதாகச் சூடாகி ஆறியபின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். ஐம்பது, நூறு மைல் ஓடியபின் இன்னொரு முறையும் பாருங்கள். ஸ்கேனரால் கோடுகளை அழித்தால் கணினியின் சுயபரிசோதனை விவரங்களும் அழிந்துவிடும். ஆகவே அன்றே மாசுப் பரிசோதனைக்குப் போகாமல் சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்திலும் ஓட்டுங்கள். ஸ்கேனரில் கன்வெர்ட்டருக்கான பரிசோதனை "தயார்" என்று காட்டியதும் போகலாம்.

பழைய கன்வெர்ட்டரைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக மறுசுழற்சிக் கடைகள் அதை விலைக்கு எடுத்துக்கொள்ளும். திருட்டு அதிகம் என்பதால் பல மாநிலங்களில் அடையாள அட்டையும் வண்டியின் உரிமைப் பத்திரமும் கேட்பார்கள். புதியதை வாங்கிய ரசீதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.