பட்டி பூசிய பிறகு வந்த நெட்வொர்க்

ராயபுரத்தில் ஒரு பழைய குடோனை ஆபீஸாக மாற்றும் வேலை. நெட்வொர்க் கேபிள் போட என்னைக் கூப்பிட்டபோது சுவரில் பட்டியே பூசி முடித்திருந்தார்கள். “எல்லா ஒயரும் ஒரே பைப்லதான் தம்பி போட்டிருக்கேன்” என்றார் எலெக்ட்ரீஷியன் அண்ணன், பெருமையாக. கரண்ட் ஒயரும் கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளும் ஒன்றாக! ஆபத்து ஒரு பக்கம், சிக்னலில் இரைச்சல் இன்னொரு பக்கம்.

அதைவிடத் தலைவலி பின்கேட் கேமரா. அடிக்கடி படம் போய்விடும். தரையில் அளந்தால் 85 மீட்டர்தான். ஆனால் கேபிள் மேலே ஏறி, பீமைச் சுற்றி இறங்கும் வழியை அளந்தேன்: 112. இந்தக் கேபிளுக்கு மொத்த வரம்பே 100 மீட்டர். அதிலும் நிலையான கேபிளுக்கு 90தான், மீதி இரு முனையிலும் செருகும் குட்டிக் கேபிளான பேட்ச் கார்டுக்கு.

சுவரை உடைக்க மனசில்லை. கூரையோரம் தனி ட்ரே அடித்துப் புதுக் கேபிள் இழுத்தேன். நடுவில் கருவிகளை மாட்ட ஒரு சின்ன ரேக், அதுவரை தூரம் தாங்கும் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்). கேமரா தொல்லை அடங்கியது. ரேக்கைத் தரையில் வைக்கச் சொன்னார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன், கேட்பேனா? சுவரில் உயரமாக மாட்டினேன்.

அடுத்து தண்டையார்பேட்டையில் ஒரு கட்டடம். செங்கல் வேலை நடக்கும்போதே மேஸ்திரியோடு நின்று சாக்பீஸால் பாயின்ட் குறித்தேன். மேஜைக்கு இரண்டு கேபிள், பைப்பில் பாதி காலியிடம், பிறகு கேபிள் இழுக்க உள்ளே ஒரு இழுகயிறு. எனக்கு ஆன கூடுதல் செலவு, நாலு டீ.